‘கற்பனை’க்கு மாற்றுச்சொல் எழுதுமுன்

நீங்கள் கேட்டது இது: வேலூரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வளப் பயிற்சித் தாள் தயாரிக்கிறீர்கள். ‘கற்பனை’ என்ற சொல்லுக்குப் பொருளும் இணைச்சொற்களும் வேண்டும். கையில் உள்ள பட்டியலில் புனைவு, பாவனை, ஊகம், பிரமை, மனக்கோட்டை, கட்டுக்கதை, ஐதீகம் என்று ஏழு சொற்கள் இருக்கின்றன. ஏழையும் ஒரே கட்டத்துக்குள் போட்டு ‘ஒரே பொருள் தரும் சொற்கள்’ என்று தலைப்பு வைக்கலாமா?

வைக்காதீர்கள். இந்த ஏழும் உறவுக்காரச் சொற்கள்தான். ஆனால் ஒன்று நிற்கும் இடத்தில் இன்னொன்றை நிறுத்தினால் வாக்கியம் பொய்யாகிவிடும்; சில இடத்தில் ஆளையே அவமதித்துவிடும். எந்த இடத்தில் எது என்று பிரிக்க மூன்று கேள்விகள் போதும். அது நிசம் அல்ல என்பது நினைக்கிறவருக்குத் தெரியுமா? நினைப்புக்குக் கொஞ்சமாவது ஆதாரம் இருக்கிறதா? அடுத்தவரை நம்பவைக்கும் நோக்கம் உண்டா? கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த மூன்றையும் ஒவ்வொரு சொல்லிலும் உரசிப் பார்ப்பதுதான்.

முதலில் சொல்லின் பிறப்பு. ‘கல்பனா’ என்ற வடசொல் தமிழுக்கு வந்தபோது கற்பனை ஆயிற்று. மாலா மாலையானது போலக் கடைசி ஆகாரம் ஐகாரமானது. நடுவில் உள்ள ‘ல்ப’, ‘ற்ப’ ஆனது. சில்பம் சிற்பமாகி, அல்பம் அற்பமாகி, சங்கல்பம் சங்கற்பமாகி வந்ததும் இதே வழியில்தான். வேர்ச்சொல்லுக்கு ‘பொருந்த அமைத்தல், ஒழுங்குபட உருவாக்குதல்’ என்று பொருள். ஆகவே கற்பனை என்பதன் அடிப்படையில் பொய் இல்லை. உள்ளத்தில் ஒன்றை அமைத்தல்தான் இருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் தில்லை நடராசரைக் ‘கற்பனை கடந்த சோதி’ என்று பாடுவது இந்தப் பொருளில். மனம் எதையெல்லாம் அமைத்துப் பார்க்க முடியுமோ அதையெல்லாம் தாண்டியவன் என்கிறார். ‘பொய் கடந்த சோதி’ என்று உரை சொன்னால் அடி சப்பென்று ஆகிவிடும்.

எழுத்துப்பிழை இந்தச் சொல்லில் தவறாமல் வரும். பேச்சில் ‘ற்ப’ என்பது ‘ர்ப’ போலக் கேட்பதால் பிள்ளைகள் ‘கர்ப்பனை’ என்று எழுதுவார்கள். அது கர்ப்பத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். சிலர் றகரத்தைச் சரியாகப் போட்டுவிட்டு ‘கற்ப்பனை’ என்று ஒரு ப் சேர்ப்பார்கள். ட், ற் இரண்டுக்கும் அடுத்து இன்னொரு மெய் வராது. ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’ என்பவை தவறாவதும் இதனால்தான். மூன்றையும் ஒரே வரியில் எழுதித் திருத்தச் சொன்னால் விதி மனத்தில் நிற்கும்.

ஒற்று மிகும் இடங்கள்: கற்பனைக் கதை, கற்பனைத் திறன், கற்பனைப் பாத்திரம், கற்பனைச் சிறகு. ‘கற்பனை செய்தான்’ என்பதில் ஒற்று மிகாது. கற்பனாசக்தி, கற்பனாவாதம் என்று வரும்போது முழு வடமொழித் தொடராகவே வருகிறது. அங்கேயும் ஒற்றுச் சேர்க்க வேண்டாம்.

அடுத்து, பாடநூல்கள் அதிகம் கண்டுகொள்ளாத ஒரு சிக்கல். ‘கற்பி’ என்று தமிழில் இரண்டு வினைகள் இருக்கின்றன. ஒன்று ‘கல்’ என்ற தமிழ் வேரிலிருந்து வந்தது: பாடம் கற்பித்தார். மற்றொன்று கல்பனாவின் வழி வந்தது: இல்லாததை ஏற்றிச் சொல்லுதல். செய்தித்தாளில் ‘என் பேச்சுக்கு உள்நோக்கம் கற்பிக்கிறார்கள்’, ‘களங்கம் கற்பிக்கப் பார்க்கிறார்கள்’ என்று வருவது இரண்டாவது. இங்கே ஆசிரியரும் இல்லை, பாடமும் இல்லை. இந்த இரண்டாவது கற்பியிலிருந்து வந்த பெயர்தான் ‘கற்பிதம்’. கற்பனைக்கும் கற்பிதத்துக்கும் உள்ள வேறுபாடு முதல் கேள்வியில் தெரிந்துவிடும். கற்பனை செய்கிறவருக்கு அது கற்பனை என்று தெரியும். கற்பிதத்தில் ஒரு கூட்டமே அதை நிசம் என்று வைத்து நடந்துகொண்டிருக்கும். ‘பிறப்பால் உயர்வு தாழ்வு என்பது கற்பிதம்’ என்று எழுதினால் பொருத்தம். அதே இடத்தில் ‘கற்பனை’ போட்டால் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்தது போல இலேசாகிவிடும்.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இன்னொரு பொருளும் காதில் விழுந்திருக்கும். 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழிவந்த திருச்சபைகள் வேலூர், இராணிப்பேட்டை, காட்பாடிப் பக்கங்களில் உண்டு. அங்கே பழைய விவிலிய மொழிபெயர்ப்பைப் படித்து வளர்ந்தவர்கள் ‘பத்துக் கற்பனைகள்’ என்பார்கள். ‘நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்’ என்பது யோவான் சுவிசேஷ வசனம். இங்கே கற்பனை என்றால் கட்டளை. ‘கர்த்தர் மோசேக்குக் கற்பித்தபடியே’ என்றால் கட்டளையிட்டபடியே. இன்றைய பேச்சில் ‘பத்துக் கட்டளைகள்’ என்பதே பெருவழக்காகிவிட்டது. ஆனாலும் வகுப்பில் ஒரு பிள்ளை ‘கற்பனைன்னா கட்டளைங்க சார், சண்டே ஸ்கூல்ல சொன்னாங்க’ என்றால் அது தவறான விடை இல்லை. தாளில் பொருள் எழுதும் இடத்தில் ‘கட்டளை (பழைய வழக்கு)’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இனி, தினசரி எழுத்தில் எல்லாரும் வழுக்கும் இடம். ‘கற்பனையான’ என்பதும் ‘கற்பனை வளமுள்ள’ என்பதும் ஒன்றல்ல. ‘கற்பனையான ஓவியர்’ என்றால் அப்படி ஓர் ஓவியர் உலகில் இல்லை. ‘கற்பனை வளமுள்ள ஓவியர்’ என்றால் நல்ல கற்பனை கொண்டவர். பாராட்ட நினைத்து ‘உங்கள் கற்பனையான பேச்சு அருமை’ என்று எழுதினால், பேசியது அத்தனையும் பொய் என்று எழுதியதாகிவிடும். அதே போல ‘கற்பனையாக’ வேறு, ‘கற்பனையோடு’ வேறு. முதலாவது உண்மைக்கு மாறு, இரண்டாவது திறமை. கற்பனைமிக்க, கற்பனை நயம் வாய்ந்த, கற்பனைச் செறிவுள்ள என்பவை பாராட்டுப் பக்கம். கற்பனையான, வெறும் கற்பனை, கற்பனையே என்பவை மறுப்புப் பக்கம். பத்திரிகைத் தொடர்கதையின் அடியில் வரும் ‘பெயர்களும் சம்பவங்களும் யாவும் கற்பனையே’ என்ற வரியில் அந்த ஏகாரம்தான் வேலை செய்கிறது. பயிற்சித் தாளில் இணைச்சொல் பட்டியலைவிட இந்த ஒரு வேறுபாடு முக்கியம் என்பது என் கருத்து.

பாராட்டுப் பொருளுக்கு நம் பக்கத்துச் சான்றே இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டுப் புலவர் சிவப்பிரகாசருக்குக் ‘கற்பனைக் களஞ்சியம்’ என்று பெயர். திருவண்ணாமலை மலையைப் போற்றிச் சோணசைலமாலை பாடியவர். திருவண்ணாமலை 1989 வரை வட ஆற்காட்டோடு இருந்த ஊர்தானே. களஞ்சியம் என்று சொன்னவர்கள் அவரைப் பொய் சொல்வதில் கெட்டிக்காரர் என்று சொல்லவில்லை. அணிநயத்தில் வற்றாதவர் என்றார்கள்.

அந்த அணிநயத்தை இலக்கணம் எப்படிப் பிரிக்கிறது என்று பார்த்தால் கற்பனையின் வகைகள் தெளிவாகும். இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்ற அணி. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. இளங்கோவடிகள் அதை ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ என்கிறார். கொடி ஆடியது நிகழ்ச்சி. ‘வராதே’ என்று கை காட்டியதாகச் சொன்னது கற்பனை. இரண்டாவது வகை இல்பொருள் உவமை. உலகில் இல்லாத ஒன்றையே உவமையாகக் கொண்டுவருவது. ‘அன்பகத் தில்லா உயிர்வாழ்க்கை வன்பாற்கண் வற்றல் மரந்தளிர்த் தற்று’ என்ற 78ஆம் குறள் இதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு. பாறை நிலத்தில் பட்டமரம் தளிர்ப்பதில்லை. நடக்காததை நடந்தது போலக் காட்டி, அன்பில்லா வாழ்வும் நடக்காது என்கிறார். மூன்றாவது, உள்ளதையே பெரிதாக்குவது: உயர்வு நவிற்சி. பிள்ளைகளுக்குப் பயிற்சி தர வேண்டுமானால், பாலாற்று மணலைப் பற்றி ஒரு வரி எழுதி மூன்றாக மாற்றச் சொல்லுங்கள். ‘மழைக்கு ஏங்கி ஆறு மணலாய்ப் படுத்துக் கிடக்கிறது’ என்றால் தற்குறிப்பேற்றம். ‘மணலில் தாமரை பூத்தது போல’ என்றால் இல்பொருள் உவமை. ‘மணலின் சூட்டில் மேகமே பொசுங்கியது’ என்றால் உயர்வு நவிற்சி.

வேலூரைப் பற்றி ஊரில் ஒரு பழைய கிண்டல் உண்டே: அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. இதைக் கற்பனை என்று குறித்துவிடாதீர்கள். கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலில் நீண்ட காலம் மூலவர் இல்லாமலிருந்து, 1981இல்தான் மீண்டும் இலிங்கம் வைக்கப்பட்டது. ஆகவே ‘சாமி இல்லாத கோயில்’ என்பது அன்றைக்கு நேர்ப்பொருளிலேயே உண்மை. ‘தண்ணீர் இல்லாத ஆறு’ மிகை. வெள்ளம் வரும் ஆண்டும் உண்டு. மிகைக்கும் கற்பனைக்கும் உள்ள எல்லை இதுதான்: மிகையில் ஒரு விதை உண்மையாக இருக்கும்.

கற்பனை வடசொல் என்றால், அதற்கு முன் தமிழில் என்ன சொன்னார்கள்? தொல்காப்பியம் ‘நாடக வழக்கு’ என்கிறது. ‘நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்’ என்பது நூற்பா. சுவையானவை எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததாகத் தொகுத்துச் சொல்வதே நாடக வழக்கு என்பது இளம்பூரணர் தரும் விளக்கம். உலகில் நடப்பது உலகியல் வழக்கு. இரண்டும் கலந்தது பாட்டு. இதைவிடக் கச்சிதமாகக் கற்பனையின் இடத்தைச் சொல்லிவிட முடியாது. ஆனால் ‘நாடக வழக்கு’ இன்று இலக்கணக் கலைச்சொல்லாகவே நின்றுவிட்டது. வாக்கியத்தில் மாற்றாகப் போட முடியாது.

மாற்றாகப் போடக்கூடிய தமிழ்ச் சொல் ‘புனைவு’. புனை என்ற வினையின் பழைய பொருள்கள் கைவேலை சார்ந்தவை: தொடுத்தல், அணிதல், அழகுபடுத்தல், செய்தல். திருமுருகாற்றுப்படையில் ‘கைபுனைந் தியற்றாக் கவின்பெறு வனப்பு’ என்றால் கையால் செய்யப்படாத இயற்கை அழகு. நெடுநல்வாடையில் ‘புனையா ஓவியம்’ என்றால் வண்ணம் தீட்டாத கோட்டோவியம். இந்த வேரிலிருந்து புனைகதை, புனைபெயர் எல்லாம் வந்தன. கற்பனை மனத்தோடு நின்றாலும் கற்பனைதான். புனைவு என்றால் அது வெளியே வந்து ஒரு வடிவம் பெற்றிருக்க வேண்டும். பேருந்தில் உட்கார்ந்து ஒரு கதையை யோசித்தால் கற்பனை செய்கிறீர்கள். எழுதிவிட்டால் அது புனைவு. ‘புனைவு செய்து பார்த்தேன்’ என்று யாரும் சொல்லாததற்குக் காரணம் இதுவே.

இதே புனைக்கு இன்னொரு முகம். ‘பொய் வழக்குப் புனைந்தார்கள்’ என்று செய்தியில் படிக்கிறோம். புனைசுருட்டு என்றால் வஞ்சகமாகக் கட்டிய பொய். சோடித்தலும் அப்படியே. தேரைச் சோடிக்கலாம், வழக்கையும் சோடிக்கலாம்; சோடனை என்றால் அலங்காரம், சோடித்த வழக்கு என்றால் பொய் வழக்கு. கட்டு என்ற வினையும் விதிவிலக்கல்ல: பாட்டுக் கட்டினார் என்றால் பாராட்டு, கதை கட்டினார் என்றால் குற்றச்சாட்டு, இட்டுக்கட்டினார் என்றால் அப்பட்டமான குற்றச்சாட்டு. அழகுபடுத்தும் கையையும் பொய்யைக் கட்டும் கையையும் தமிழ் ஒரே வினையால் சொல்கிறது. இரண்டையும் பிரிப்பது மூன்றாம் கேள்வி, அதாவது நம்பவைக்கும் நோக்கம். நாவல் எழுதுகிறவர் நம்பச் சொல்லவில்லை. பொய் வழக்குப் போடுகிறவர் நம்பச் சொல்கிறார்.

‘புனைந்துரை’யைப் பட்டியலில் சேர்க்க நினைத்தால் ஓர் எச்சரிக்கை. நன்னூலின் முதல் நூற்பா பாயிரத்தின் பெயர்களை அடுக்கும்போது முகவுரை, பதிகம், அணிந்துரை என்ற வரிசையில் புனைந்துரையையும் சொல்கிறது. அங்கே அது நூலின் முன்னுரை. மிகைப்படுத்திச் சொல்வது என்ற இன்றைய பொருளோடு பிள்ளைகள் குழம்புவார்கள். பத்தாம் வகுப்புக்குக் கீழே விட்டுவிடுவது நல்லது.

வேலூர்க் கோட்டையையே எடுத்துக்கொண்டு இந்தச் சொற்களைப் பிரித்துக் காட்டலாம். 1806 சூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது வரலாறு. அன்றிரவு ஒரு சிப்பாய் தன் தாய்க்கு எழுதியதாக நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் அது புனைவு. கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் வரை சுரங்கம் போகிறது என்று ஊரில் சொல்வது செவிவழிச் செய்தி. அதைத் தானே உள்ளே போய்ப் பார்த்ததாக ஒருவர் சொன்னால், போகாதவராக இருந்தால், கட்டுக்கதை. விரிஞ்சிபுரத்தில் ஒரு சிறுவனுக்கு எட்டவேண்டும் என்று சிவன் திருமுடி சாய்த்தார் என்பது ஐதீகம். இந்தக் கடைசிச் சொல்லைக் கற்பனையின் இணைச்சொல்லாகக் கண்டிப்பாகப் போடாதீர்கள். ஐதீகம் என்பது வழிவழியாக நம்பிவருவது. எழுதுகிறவர் உண்மை பொய் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்ளும் மரியாதைச் சொல். ‘கற்பனை’ தீர்ப்புச் சொல்லிவிடும்.

பாவனைக்கு வருவோம். பட்டியலில் உள்ள ஏழில் மிக நுட்பமானது இதுதான். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிதும்கூட. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது அர்ச்சுனன் தபசு பார்த்திருப்பார்கள். நெடிய பனைமரத்தை நட்டுப் படி கட்டி, அதுவே கைலாயம் என்று வைத்து, வேடம் கட்டியவர் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து விபூதி, பூ, பழம், எலுமிச்சை வீசுவார். கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானை ஏந்துவார்கள். அது பனைமரம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கைலாயமாக வைத்து நடந்துகொள்கிறார்கள். தெரிந்தே ஒன்றை இன்னொன்றாகக் கொண்டு அதற்கேற்ப நடப்பதுதான் பாவனை. கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனும் அப்படியே. ஆகவே கற்பனைக்கு மனம் போதும்; பாவனைக்கு உடம்பும் செயலும் வேண்டும். ‘அம்மா பாவனையில் பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறாள்’ சரி. ‘நான் மந்திரியானது போலப் பாவனை செய்தேன்’ என்றால் கண்ணாடி முன் நின்று கையசைத்திருக்க வேண்டும். மனத்துக்குள்ளேயே நினைத்ததாக இருந்தால் ‘கற்பனை செய்தேன்’தான்.

பாவனைக்குக் கெட்ட பொருளும் இருக்கிறது: போலி நடிப்பு. ‘தூங்குவது போலப் பாவனை செய்தான்.’ இங்கேயும் பிரிப்பது நோக்கம்தான். வினை வடிவம் ‘பாவித்தல்’. ‘பிள்ளையாகவே பாவித்தார்’ என்றால் பொய்யாக என்று பொருளில்லை; அப்படியே கருதி நடத்தினார். இலங்கைத் தமிழில் பாவித்தல் என்றால் பயன்படுத்துதல். அங்கிருந்து வரும் எழுத்தைப் படிக்கும்போது இது நினைவிருக்கட்டும்.

ஊகம், அனுமானம் இரண்டும் கற்பனை அல்ல. வானம் கறுத்திருக்கிறது, மழை வரும் என்று நினைப்பது ஊகம். புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு இருக்கிறது என்பது அனுமானம். முன்னதில் ஆதாரம் மெலிது, பின்னதில் ஆதாரம் திடமானது. கற்பனைக்கு ஆதாரமே தேவையில்லை. குடியாத்தம், காட்பாடிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் இந்த இரண்டையும் மாற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. தெலுங்கில் ‘ஊஹ’ என்றால் கற்பனையும் ஆகும், ஊகமும் ஆகும். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்து ‘சிறகு இருந்தால் எப்படிப் பறப்பாய் என்று ஊகித்து எழுதுக’ என்பார்கள். தமிழில் அங்கே ‘கற்பனை செய்து எழுதுக’ என்றுதான் வர வேண்டும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசுகிறவர்களின் ‘கயால்’ இன்னும் அகலமான சொல்: நினைப்பு, கருத்து, கற்பனை, கவனம் எல்லாம் அதற்குள் அடங்கும். அதை ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்க்க முயன்றால் வாக்கியம் உடையும்.

பிரமை வேறு வகை. நினைக்கிறவருக்கே அது நிசம் அல்ல என்று தெரியாது. இருட்டில் கயிறு பாம்பாகத் தெரிவது பிரமை. நடுப்பகல் நெடுஞ்சாலையில் நீர் தெரிவது கானல். கானல் கண்ணுக்கு வெளியே ஒளி வளைவதால் வருவது, மனத்தின் வேலை அல்ல. ஆகவே அதையும் கற்பனைக் கட்டத்தில் போட வேண்டாம். மருத்துவத் துண்டறிக்கை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் தனிக் கவனம் எடுக்க வேண்டும். இல்லாத குரல் ஒருவருக்குக் கேட்கிறது என்றால் ‘அது உங்கள் கற்பனை’ என்று எழுதக் கூடாது. கற்பனை என்றால் அவரே விரும்பிச் செய்வது, நினைத்தால் நிறுத்தலாம் என்று பொருள்படும். அவருக்கோ அந்தக் குரல் உண்மையாகவே கேட்கிறது. ‘மற்றவர்களுக்குக் கேட்காத குரல் உங்களுக்குக் கேட்கிறது’ என்று நேராகச் சொல்வதே சரி.

மனம் என்று தொடங்கும் சொற்கள் சிலவற்றைச் சுருக்கமாகப் பிரித்துவிடலாம். மனக்கோட்டை என்றால் எதிர்காலத்துக்குப் போடும் பெரிய திட்டம், கையில் முதல் இல்லாமல். மனப்பால் என்றால் வராத பலனை வந்ததாக வைத்து இப்போதே மகிழ்வது. மனக்கோட்டை கட்டுவோம், மனப்பால் குடிப்போம்; வினையை மாற்றினால் தமிழ் இல்லை. மனக்காட்சி குறை சொல்லும் சொல் அல்ல: கண்ட ஒன்றையோ காணாத ஒன்றையோ மனக்கண்ணில் நிறுத்துவது. பகற்கனவில் திட்டமும் இல்லை, வடிவமும் இல்லை. இதில் எதுவும் கற்பனை வளத்துக்கு மாற்றாகாது. ‘அவருக்கு நல்ல மனக்கோட்டை’ என்றால் கேட்டவர் கோபிப்பார்.

பேச்சுமொழியில் பொய்க்கற்பனைக்குத்தான் சொற்கள் ஏராளம். அளக்கிறான், கதை விடுகிறான், ரீல் விடுகிறான், கப்சா அடிக்கிறான், கயிறு திரிக்கிறான், காதில் பூ சுற்றுகிறான். ‘இன்னாத்துக்கு இப்டி அளந்துகினு கீற?’ என்றால் வேலூரில் யாருக்கும் உரை தேவையில்லை. இவற்றில் கயிறு திரித்தல் எழுத்திலும் ஏறலாம். ‘மணலைக் கயிறாகத் திரிப்பான்’ என்ற பழைய வழக்கு பின்னால் நிற்கிறது. மற்றவை உரையாடலுக்குள் மட்டும்.

துறைக்குத் துறை சொல் நிலைபெற்றுவிட்ட இடங்களில் கை வைக்காதீர்கள். கணிதத்தில் வர்க்கம் −1 ஆகும் எண் கற்பனை எண். கலப்பெண்ணில் மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என்பார்கள். அது பொய்யான எண் அல்ல. பெயர் அப்படி நின்றுவிட்டது. இயற்பியலில் ஆடிக்குள் தெரிவது மாய பிம்பம், ‘கற்பனைப் பிம்பம்’ அல்ல. கணினியில் மெய்நிகர். புவியியலில் அட்ச, தீர்க்கக் கோடுகள் கற்பனைக் கோடுகள். வானியலிலும் இதே பயன்பாடு: காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி பார்க்கும் விண்மீன்கள் உண்மை. அவற்றை இணைத்து வேடன், தேள் என்று நாம் வரையும் உருவம் கற்பனை. கருநாடக இசையில் கற்பனாசுரம் என்பது மேடையிலேயே உடனுக்குடன் சுரங்களை அமைத்துப் பாடுவது. இராகத்துக்கு வெளியே ஒரு சுரம் போகக் கூடாது, தாளத்தில் எடுப்பு வரும் இடத்தில் சரியாக வந்து விழ வேண்டும். அந்தத் துறையில் மட்டும் கற்பனைக்கு எதிர்ச்சொல் ‘உண்மை’ அல்ல. முன்பே அமைத்து வைத்த கற்பித இசை. அரசியல் எழுத்தில் கற்பனாவாதி என்றால் நடைமுறைக்கு ஒவ்வாத இலட்சியம் பேசுகிறவர், பாராட்டாகப் போட்டுவிடாதீர்கள்.

படைப்பாற்றலைப் பல தாள்களில் கற்பனைத் திறனுக்கு நிகராகப் போடுகிறார்கள். நெருக்கம்தான், ஆனால் படைப்பாற்றலுக்கு ஒரு விளைவு வேண்டும். யோசித்ததோடு விட்டவருக்குக் கற்பனை இருக்கலாம்.

தாளில் ‘இணைச்சொல் எழுதுக’ என்ற வினாவை எடுத்துவிட்டு, அடைப்புக்குள் சொற்களைக் கொடுத்து இடம் நிரப்பச் சொல்லுங்கள். மாதிரிக்கு ஐந்து:

பனைமரத்தைக் கைலாயமாகப் ______ அர்ச்சுனன் ஏறினான். (பாவித்து)
பாதத்தடத்தைப் பார்த்து, வந்தது நாயாக இருக்கும் என்று ______. (ஊகித்தான்)
கோட்டைச் சிப்பாயின் கடிதம் இந்த நாவலாசிரியரின் ______. (புனைவு)
கடை வைக்கப் பணமே இல்லை, அதற்குள் மூன்று கிளை திறப்பதாக ______ கட்டுகிறான். (மனக்கோட்டை)
அவர் ______ ஓவியர்; ஒரே ஏரியைப் பத்து விதமாக வரைந்திருக்கிறார். (கற்பனை வளமுள்ள)

மூன்றாவதில் ‘கற்பனை’ என்று எழுதினாலும் மதிப்பெண் கொடுக்கலாம். ஐந்தாவதில் ‘கற்பனையான’ என்று எழுதினால் கொடுக்காதீர்கள்; பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். இரண்டாவதில் ‘அனுமானித்தான்’ என்று வந்தால் சரியே, தடம் தெளிவான ஆதாரம்தானே.